நம் பெண்களின் ரத்தத்திலும் சோதித்துப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். முழங்கால் தேய்மானம் வருமா என்பதை எட்டு ஆண்டுகளுக்கு முன்பே ரத்தத்தில் கண்டுபிடிக்கலாம் என்ற செய்தி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வு அது. "அந்த டெஸ்ட்டை இங்கே சிங்கப்பூரில் எங்கே எடுக்கலாம், எத்தனை வெள்ளி?" என்று சின்னம்மா உடனே கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் சற்று விரித்து எழுதுகிறேன்.

என் அம்மா பல ஆண்டுகள் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தவர். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு கோயில்வரை வெறுங்காலில் நடப்பார். அறுபது வயதில் ஒருமுறை நடந்து முடித்துத் தரையில் உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. நானும் தங்கையும் இரண்டு பக்கமும் கைகொடுத்துத் தூக்கினோம். கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்பு நன்றாக இருக்கிறது, வயசுதான் காரணம்" என்று வலி மாத்திரை கொடுத்தார்கள். ரத்தமும் எடுத்தார்கள். யூரிக் அமிலம் சரி, முடக்குவாதச் சோதனையும் சரி. அவையெல்லாம் வேறு வகை மூட்டுநோய்களுக்கானவை, தேய்மானத்தைக் காட்டாது என்பது எங்களுக்கு அன்று தெரியவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து எடுத்த படத்தில் எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. அப்போது எங்கள் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. கம்பியை இரு கைகளாலும் பற்றி, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து அம்மா இறங்குவார். சந்தைக்குப் போகவே அவ்வளவு பாடு.

அதனால் இந்த ஆய்வை நான் ஆவலோடுதான் படித்தேன். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், எலும்பு முனைகளை மெத்தைபோல் மூடியிருக்கும் குருத்தெலும்பு தெரியாது. மூட்டு பாதிக்கப்படும்போதே அதன் தடயம் ரத்தத்திலுள்ள சில புரதத் துணுக்குகளில் தெரியலாம். லண்டனின் சிங்ஃபர்ட் வட்டாரப் பெண்களிடம் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்துச் சேமித்த ரத்தத்தில் அந்தத் துணுக்குகளைத் தேடியிருக்கிறார்கள். பிற்பாடு எக்ஸ்ரேயில் நோய் தெரிந்தவர்களை ஆறு துணுக்குகளை வைத்து மற்றவர்களிடமிருந்து பிரித்தறிந்திருக்கிறார்கள். துல்லிய அளவு 77 விழுக்காடு. பூவா தலையா போட்டாலே 50 கிடைக்கும் என்பதால், 77 நல்ல தொடக்கம், முடிவான தீர்ப்பு அல்ல. முழங்கால் வலியை மட்டும் வைத்துக் கணித்தால் 57தானாம். வயதும் உடல் எடையும் 51. ஆனால் இந்த 51ஐப் பார்த்து எடைக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரே வயது, ஒத்த எடைப் பெண்களாகப் பார்த்துத்தான் இரு தரப்பையும் சேர்த்தார்கள். பிறகு எடை எப்படி வேறுபாட்டைக் காட்டும்?

என் முக்கியக் கவலை வேறு. சோதிக்கப்பட்ட 200 பேரும் வெள்ளைக்காரப் பெண்கள். தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டு, குந்தி உட்கார்ந்து கோலம் போட்டு வளர்ந்த நம் வீட்டுப் பெண்களுக்கும், இங்குள்ள சீன, மலாய்ப் பெண்களுக்கும் அதே ஆறு துணுக்குகள் அதே அளவில் பொருந்துமா? சோதிக்காமல் சொல்ல முடியாது. ஆண்களும் அந்த ஆய்வில் இல்லை. இங்கு சரிபார்ப்பதற்கு முன்பே இதைச் சுகாதாரப் பரிசோதனைத் தொகுப்புகளில் சேர்த்து விற்பதற்கு அனுமதிக்கக் கூடாது. "உங்களுக்கு வராது" என்று தவறாக ஒரு தாள் சொல்லிவிட்டால், வலிக்கிற காலோடு நிற்பவரை யார் கவனிப்பார்கள்?

முன்கூட்டித் தெரிந்தால் என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. தேய்மானத்தை நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை, உண்மைதான். ஆனால் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி இருக்கிறது. ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது. அம்மாவுக்கு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சியை, பிற்பாடு நடந்த முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான் சொல்லிக்கொடுத்தார்கள். அறுபது வயதிலேயே யாராவது சொல்லியிருக்கலாம் என்று இன்றும் மனம் ஆறவில்லை. அதற்கு எந்த ரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டிருக்காது. படத்தை மட்டும் பார்க்காமல் அம்மா நடப்பதையும் பார்த்திருந்தாலே போதும்.

எனக்கு இப்போது 53 வயது. படி இறங்கும்போது வலது முட்டியில் சத்தம் கேட்கிறது. நோய் வருமுன் காக்கும் அரசாங்கத் திட்டமான ஹெல்தியர் எஸ்ஜியில் என் குடும்ப மருத்துவரிடம் அடுத்த மாதம் போகிறேன். முட்டியைப் பற்றி முதலில் பேசப்போகிறேன். நம் ஆய்வாளர்கள் இந்தச் சோதனையை இந்நாட்டுப் பெண்களிடம் செய்ய ஆள் தேடினால், ரத்தம் கொடுக்க நானும் தங்கையும் வருகிறோம்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி