போனை எடுக்காதவர்களும் கணக்கில் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் பொருளாதார அறிஞர் டேவிட் கார்டைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1956இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்தவர், குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் இளங்கலை, அப்புறம் 1983இல் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம், 1997இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி, 2021இல் நோபல் என்று விவரங்களில் எல்லாம் குறையில்லை. ஆனால் 'குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால் வேலை போகாது என்று நிரூபித்தவர்' என ஒரே வரியில் அவரை முடித்துவிட்டீர்கள். அதுதான் உறுத்துகிறது. அந்த மனிதரே தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டார்.

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. இளைஞர்களுக்குத் தொழில் கற்றுத்தரும் ஒரு பயிற்சி மையத்தில் பதினோரு ஆண்டுகள் வேலைவாய்ப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்டவன். ஒரு அணி படித்து முடித்துப் போன மூன்றாவது மாதம், பதிவேட்டை விரித்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் போனில் அழைப்பேன். வேலை கிடைத்ததா? ஆமாம், இல்லை, 'தொடர்புகொள்ள முடியவில்லை' என மூன்று கட்டங்கள். மேலே அனுப்பும் அறிக்கையில் மூன்றாவது கட்டம் காணாமல் போய்விடும். 40 பேர் படித்து, 12 பேர் போனை எடுக்காமல், மீதி 28இல் 21 பேருக்கு வேலை என்றால் நாங்கள் எழுதுவது 75 விழுக்காடு. 40ஆல் வகுத்தால் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். யாரும் பொய் சொல்லவில்லை. "ஆளே கிடைக்கவில்லை, எப்படிக் கணக்கில் எடுப்பது?" என்பார் எங்கள் மேலாளர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பல வருடம் கழித்து, கார்டும் சக பொருளாதார அறிஞர் ஆலன் க்ரூகரும் 1994இல் வெளியிட்ட அந்தப் புகழ்பெற்ற ஆய்வை ஒரு நண்பர் உதவியோடு வரிவரியாகப் படித்தேன். 1992 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு மணி நேரத்துக்கான குறைந்தபட்சக் கூலி 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்ந்தது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் உயரவில்லை. இளைஞர்கள் பலர் முதல் சம்பளம் வாங்குவது துரித உணவகங்களில்தான் என்பதால், இரண்டு பக்கமும் அந்த உணவகங்களை எடுத்துக்கொண்டார்கள். கூலி உயர்வதற்கு முன்னால் 473 கடைகளை அணுகினார்கள். 63 கடைகள் பேச மறுக்க, 410 தேறின. அந்த ஆண்டின் கடைசியில் அதே 410 கடைகளை மறுபடி அழைத்தார்கள்.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். போனில் பிடிபடாத கடைகளுக்கு நேரிலேயே ஆளை அனுப்பியிருக்கிறார்கள். 6 கடைகள் நிரந்தரமாக மூடிக் கிடந்தன. இரண்டில் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒன்று சாலைப் பணியால் மூடியிருந்தது, இன்னொன்று தீ விபத்தால். ஒரே ஒரு கடைதான் பேச மறுத்தது. ஆக 399 கடைகளில் பேட்டி முடிந்தது. அந்த மூடிய 6 கடைகளையும் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. 'ஊழியர்கள்: பூஜ்யம்' என்று எழுதிக் கணக்கில் வைத்தார்கள். கூலி உயர்வு கடைகளைக் கொல்லும் என்றால் அதற்குச் சாட்சி அந்தக் கடைகள்தானே? அவற்றை விட்டுவிட்டு எண்ணினால் பிழைத்தவர்களை மட்டும் கேட்டுவிட்டு 'எல்லோரும் நலம்' என்று எழுதியதாகிவிடும். நான் பதினோரு வருடம் செய்தது அதைத்தான்.

நியூ ஜெர்சியில் வேலைகள் குறையவில்லை என்ற முடிவு எத்தனை பேரைக் கோபப்படுத்தியது என்பதையும் உங்கள் கட்டுரை தொடவில்லை. நியூமார்க், வாஷர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் உணவகங்களின் சம்பளப் பட்டியல்களை வைத்து எதிர்க்கணக்கு போட்டார்கள். கார்டும் க்ரூகரும் அரசுப் பதிவுகளை எடுத்து மறுபடி கணக்கிட்டு 2000இல் பதில் எழுதினார்கள். பல வருடப் பழக்கம் உள்ளவர்கள்கூடத் தன்னைத் துரோகியைப் போலப் பார்த்தார்கள் என்று கார்டு பிற்பாடு ஒரு பேட்டியில் சொன்னார். கூலியை உயர்த்தச் சொல்லித் தான் எங்கும் வாதாடவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது ஓர் இடத்தில், ஒரு காலத்தில், இந்த அளவு உயர்வுக்கு என்ன நடந்தது என்பதை மட்டும். அதை வைத்து எந்த அளவுக்கும் கூலியை ஏற்றலாம் என்று சொல்கிறவர்களும் சரி, ஆய்வே பொய் என்கிறவர்களும் சரி, அந்த 410 கடைகள் பக்கம் போவதே இல்லை. (2019இல் மறைந்த க்ரூகரின் பெயர் உங்கள் கட்டுரையில் ஒரே ஒரு முறைதான் வருகிறது. அந்த ஆய்வில் அவருக்குச் சரிபாதிப் பங்கு உண்டு.)

என்னைப் போன்றவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் வேலை ஒன்றையும் கார்டு செய்திருக்கிறார். உங்கள் கட்டுரையில் அது அறவே இல்லை. வேலையில்லாதவர்களுக்கான பயிற்சி, மானியம், வேலை தேடித் தரும் உதவி போன்ற திட்டங்களைப் பற்றிப் பல நாடுகளில் வந்த ஆய்வுகளைச் சேர்த்துவைத்து, குளுவே, வெபர் என்ற இருவருடன் 2010இலும் 2018இலும் அலசினார். இரண்டாவது முறை பார்த்தவை 200க்கும் மேற்பட்ட ஆய்வுகள். திட்டம் முடிந்த கையோடு பார்த்தால் சராசரிப் பலன் ஏறக்குறைய பூஜ்யம். இரண்டு, மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால் பலன் தெரிகிறது, அதிலும் திறனை வளர்க்கும் பயிற்சிகளில் கூடுதலாக. இளைஞர்களுக்கான திட்டங்கள் நல்ல பலன் காட்டுவது குறைவு என்றது 2010 ஆய்வு. என் போன்றவர்களுக்குக் கசக்கும் சேதிதான். ஆனால் நாங்கள் எல்லோரும் மூன்றாவது மாதத்தில் அளந்துகொண்டிருந்தோமே! அந்த மாதத்தில் 'இல்லை' என்று நான் எழுதிய சிலர் இரண்டு வருடம் கழித்து, தங்களிடம் வேலைக்கு ஆள் வேண்டும் என்று எங்களையே தேடி வந்தார்கள். பதிவேட்டில் அவர்கள் இன்னமும் 'இல்லை'தான்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. கார்டின் ஆசிரியரான ஆர்லி ஆஷன்ஃபெல்டர் 1978இலேயே ஒன்றைக் கவனித்தார். பயிற்சியில் சேர்கிறவர்களின் வருமானம், சேர்வதற்குச் சற்று முன்புதான் சரிந்திருக்கிறது. யோசித்தால் இயல்புதான், வேலை போனவர்கள்தானே பயிற்சிக்கு வருவார்கள்? அவர்களில் பலர் பயிற்சி இல்லாவிட்டாலும் கொஞ்ச நாளில் எழுந்திருப்பார்கள். 'சேரும்போது இவ்வளவு, முடித்தபின் இவ்வளவு' என்று போட்டால் அந்தப் பெருமையும் பயிற்சிக்குப் போய்விடும். எங்கள் மையத்தின் விளம்பரப் பலகையில் இருந்த எண்களும் இந்த ரகம்தான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பிரான்சில் படித்த இளைஞர்களுக்கு வேலை தேட உதவும் திட்டம் ஒன்றைச் சோதித்து 2013இல் வெளியான ஆய்வில், உதவி பெற்றவர்களுக்கு வேலை சற்று விரைவாகக் கிடைத்தது. ஆனால் அதில் ஒரு பங்கு, அதே ஊரில் உதவி பெறாத இளைஞர்களுக்குப் போக வேண்டிய வேலை. நம் பிள்ளையை வரிசையில் முன்னால் தள்ளிவிட்டோம், வரிசை குறையவில்லை.

எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பயிற்சித் திட்டங்களின் வெற்றி விழுக்காட்டை நீங்கள் அடிக்கடி அச்சிடுகிறீர்கள். அடுத்த முறை அச்சிடும் முன் எண்ணைத் தருகிறவர்களிடம், எத்தனை பேரை வைத்து வகுத்தீர்கள், பயிற்சி முடிந்து எத்தனையாவது மாதத்தில் கேட்டீர்கள், பயிற்சி பெறாத யாரோடு ஒப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் 'பதில் தரவில்லை' என்பதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்