ஃபாதர் மாறினார், பிரஷர் மெஷின் அலமாரிக்குள் போனது

மாப்பிள்ளை,

உன் கடிதங்களுக்குப் பதில் போடாமல் இருந்ததற்குத் திட்டுவாய். திட்டு, ஆனால் இதைப் படித்துவிட்டுத் திட்டு. வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவளுக்கு வரன் இன்னும் அமையவில்லை, கேட்காதே. நம்ம மணியடிப்பு மறுபடியும் பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டான். நீ ஊரில் இல்லாதது உன் அதிர்ஷ்டம்.

விஷயம் இதுதான். எங்கள் பங்கில், அதாவது எங்கள் கத்தோலிக்கக் கோயில் வட்டாரத்தில், ஃபாதர் மாறிவிட்டார். பழையவரை உனக்குத் தெரியும், குருமடத்துக் காலத்திலேயே தெர்மாமீட்டரும் கையுமாகத் திரிந்தவர். ஞாயிறு பூசை முடிந்ததும் பிரஷர், சுகர் பார்ப்பது, படுக்கையில் கிடப்பவர்களை அன்பியம் அன்பியமாக (அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு குழுவாக) போய்ப் பார்ப்பது என்று அவர் காலத்தில் நலவாழ்வுக் குழு நன்றாகவே நடந்தது. புதியவர் வந்த கையோடு, “இது கோயில், ஆஸ்பத்திரி இல்லை” என்றார். அவ்வளவுதான். மெஷின் அலமாரிக்குள் போய்விட்டது.

மனுஷர் கெட்டவர் இல்லை, பயந்தவர். யாராவது மயங்கி விழுந்தால் கேஸ் தன் தலையில் வரும் என்கிறார். யோசித்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. சட்ட விவகாரங்களில் பங்கின் பிரதிநிதி பங்குத்தந்தைதான் என்று திருச்சபைச் சட்டம் 532 சொல்கிறது. ஆனால் அதே புத்தகத்தில் 529ஐப் பார். நோயாளிகளை, அதுவும் சாகும் தறுவாயில் இருப்பவர்களை, அக்கறையோடு கவனிப்பது அவர் கடமை. இதைப் பங்கு மக்களின் ஆலோசனைக் குழுவான மேய்ப்புப் பேரவையில் எடுத்துச் சொன்னேன். “கேனன் லா எப்போது படித்தீர்கள்?” என்று புதியவர் சிரித்தார். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை?

படித்ததில் ஒன்று நெஞ்சில் தைத்துவிட்டது. பங்கில் நிதிக்குழு கட்டாயம், 537. மேய்ப்புப் பேரவையோ ஆயர், அதாவது பிஷப், நல்லதென்று கருதினால்தான், 536. அப்படி அமைந்தாலும் ஆலோசனை சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. காசை எண்ண ஆள் கட்டாயம் வேண்டும், கஷ்டத்தைச் சொல்ல ஆள் இருந்தால் இருக்கட்டும் என்கிற கணக்குத்தானே இது? 2024இல் முடிந்த ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணம் இந்தப் பேரவைகளைக் கட்டாயமாக்கச் சொல்கிறது. ஆனால் ஆலோசனை சொல்லும் அமைப்பு ஒரு மனிதருடைய ஆர்வத்தை நம்பியே இருந்தால், அவர் மாற்றலாகும்போது எல்லாம் அவரோடு பெட்டி கட்டிக்கொண்டு போய்விடும்.

பழையவரைப் புகழ்ந்துகொண்டே போகிறேன் என்று நினைக்காதே. ஒரு நாள் பூசையில் எல்லோருக்காகவும் ஜெபிக்கும் விசுவாசிகள் மன்றாட்டில் ஒரு அம்மாவின் பெயரைச் சொல்லி, நோயின் பெயரையும் சேர்த்தே வாசித்தார். ஜெபிக்கத்தான் சொன்னார், மனதில் கெட்ட எண்ணம் கிடையாது. அந்த அம்மா அதற்குப் பிறகு எங்கள் கோயில் பக்கமே வரவில்லை, வேறு பங்குக்குப் போகிறார். குழுவில் யாரும் பழைய ஃபாதரைத் தடுத்துப் பேசவில்லை. ஃபாதரிடம் யார் போய்ச் சொல்வது என்ற பழைய வியாதிதான். அதற்கு மெஷின் கிடையாது.

இதற்கு வழி தேடும்போதுதான் கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க் என்ற லூத்தரன் போதகரைப் பற்றித் தெரிந்தது. 1980களின் நடுவில் சிகாகோ வட்டாரத்தில் பங்கு நர்ஸ் என்ற ஏற்பாட்டைத் தொடங்கியவர். முதலில் சேர்ந்த ஆறு சபைகளில் கத்தோலிக்கப் பங்குகளும் இருந்தனவாம். அந்த நர்ஸ் ஊசி போடுவதில்லை, மருந்து கொடுப்பதில்லை. கேட்பார், விளக்குவார், சரியான டாக்டரிடம் அனுப்புவார், தொண்டர்களைப் பழக்குவார். 1990களின் பிற்பகுதியில் அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் இதைத் தனித் துறையாகவே ஏற்றுக்கொண்டது. நம் ஃபாதரின் பயத்துக்குப் பதில் இதில் இருக்கிறது, மாப்பிள்ளை. வைத்தியம் செய்யாதே, வழிகாட்டு. பொறுப்பு பயிற்சி பெற்றவரிடம் இருக்கட்டும். என்ன செய்யலாம், என்ன கூடாது என்பதை எழுதி வைத்துவிடு.

நாங்கள் செய்ததிலும் கோளாறு இருந்தது. பூசை முழுக்க நின்று பாடிவிட்டு, வரிசையில் அரட்டை அடித்துக்கொண்டு வருகிறவருக்கு உடனே பட்டையைச் சுற்றினால் பிரஷர் ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிடமாவது சும்மா உட்கார வைக்க வேண்டும். 140/90க்கு மேல் ஒரு தடவை காட்டியதும் நோயாளி என்று முத்திரை குத்தவும் கூடாது. (நீண்ட பிரசங்கத்தால் ஏறியதைத் தனியாகக் கழிக்க வழியிருந்தால் சொல்.) கோயிலுக்கு வர முடியாதவர்களின் வீடுகளுக்கு நற்கருணை அப்பம் கொண்டுபோகிறவர்கள்தான் எங்கள் உண்மையான பலம். மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் கிடப்பதை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

திருச்சபைத் தலைமை தாமதமாக விழித்துக்கொள்வது புதிதில்லை. ஆன்னா டெங்கல் என்ற ஆஸ்திரிய டாக்டர், ராவல்பிண்டியில் ஆண் மருத்துவரிடம் காட்ட மறுத்துப் பெண்கள் செத்துப்போவதைப் பார்த்து மனம் கொதித்தவர், 1925இல் மருத்துவச் சகோதரிகள் என்ற துறவற சபையைத் தொடங்கினார். துறவிகள் பிரசவம் பார்க்க ரோம் அனுமதித்தது 1936இல். அந்த அம்மாள் ரோமோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே போகவுமில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்காரவுமில்லை. எனக்கு அவ்வளவு பொறுமை வராது, ஆனால் புதியவரிடம் கத்துவதை நிறுத்திவிட்டேன்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் ஒரு பக்கத்தில் விதிகள் எழுதி வைக்கப்போகிறேன். பெயர் சொல்வதற்குச் சம்மதம், குறிப்பேட்டை யார் பார்க்கலாம், எப்போது டாக்டரிடம் அனுப்புவது, ஃபாதர் மாறினால் குழுவை யார் நடத்துவது, எல்லாம் அதில் வரும். உன் மனைவி நர்ஸாக இருந்தவர்தானே. சம்மதப் படிவம் எப்படி இருக்க வேண்டும் என்று அவரைக் கேட்டு எழுது. எழுதுவது அவராகவே இருக்கட்டும், உன் கையெழுத்தைப் படிக்க எனக்கு இன்னொரு கண்ணாடி வேண்டும்.

உன்
உபதேசியார்