சுண்ணாம்பும் சங்குப்பூவும் தந்தவர்களுக்கு

கும்பகோணத்தில் எங்கள் தெருவாருக்கு,

வணக்கம். இந்தக் கோடை விடுமுறையில் ஆறு சனிக்கிழமை மாலைகள் எங்கள் மொட்டைமாடியில் 14 பிள்ளைகள் கூடி வேதியியல் செய்து பார்த்தார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததற்கு எனக்கு நன்றி சொல்கிறீர்கள். அந்த நன்றி யார் யாருக்குப் போய்ச் சேரவேண்டுமோ, அவர்களுக்கு அதைச் சேர்க்கத்தான் இந்த மடல்.

தொடக்கம் என் மகளின் பள்ளிச் சட்டை. சாம்பார் கறையில் சோப்புப் போட்டதும் மஞ்சள் திட்டு செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. "ரத்தமாம்மா?" என்று பயந்துபோனாள். சோப்பு ஒரு காரம், அதாவது அமிலத்துக்கு எதிரானது, மஞ்சளில் இருக்கிற குர்க்குமின் என்ற நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும் என்று துவைக்கிற கல்லருகிலேயே நின்று சொன்னேன். பி.எஸ்ஸி. வேதியியல் படித்துப் பதினைந்து வருடமாகிறது. படித்ததை ஒருவரிடம் எடுத்துச் சொன்னது அன்றைக்குத்தான்.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு முதல் நன்றி. கேட்டுக்கொண்டிருந்தவர், "ஆரத்தித் தண்ணி வேற எப்படிடி செவக்குது?" என்றார். முதல் சனிக்கிழமை தாம்பாளத்தோடு அவரே மாடியேறி வந்தார், முழங்கால் வலியோடு. மஞ்சள் கரைத்த தண்ணீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பை விரல் நுனியால் கரைத்தார். விரல் பட்ட இடத்திலிருந்து சிவப்பு சுருள் சுருளாகக் கிளம்பித் தட்டு முழுக்கப் பரவியது. பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. நான் அதில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். சிவப்பு போய் மறுபடி மஞ்சள். எத்தனையோ கல்யாணத்துக்கு ஆரத்தி கரைத்தவர், இதைப் பார்த்ததில்லையாம். "இன்னொரு தரம் பண்ணு" என்றார். மூன்று தரம் செய்தோம்.

பூக்கார அக்கா, வாரா வாரம் வேலியோரச் சங்குப்பூவை வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்தீர்கள். காசு கொடுத்தால், "சாமிக்குக் குடுத்தாப்ல இருக்கட்டும்" என்று கையை விலக்கிவிட்டீர்கள். அந்தப் பூவை வெந்நீரில் போட்ட ஐந்து நிமிடத்தில் மை போல நீலம் இறங்கும். எலுமிச்சை விட்டால் ஊதா, இன்னும் விட்டால் ரோஜா நிறம். ஆப்ப சோடா போட்டால் பச்சைப் பக்கம் போகும். 1664இல் ராபர்ட் பாயில் இங்கிலாந்தில் வயலட் பூச்சாற்றை வைத்து அமிலம் எது, காரம் எது என்று பிரித்ததை எழுதிவைத்தார். அதன்பின் 1909இல் கோபன்ஹேகனில் ஒரு பீர் ஆலையின் ஆய்வகத்தில் சோரன்சன் அதற்கு எண் கணக்குக் கொடுத்தார். அதுதான் பி.எச். இதைச் சொன்னதும் ஒரு வாண்டு, "அவருக்குப் பூ யாரு குடுத்தா?" என்று கேட்டது. நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும் அக்கா.

மூன்றாவது சனிக்கிழமையைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. கடையில் வாங்கிய சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிரித்து மேசையில் வைத்துவிட்டு நான் திரும்பிய நேரம், எட்டு வயதுப் பையன் ஒருவன் அதை எடுத்து அழுத்தினான். பீய்ச்சியடித்து வலது கண்ணில் பட்டுவிட்டது. பிள்ளைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தது முழுக்க என் தவறு.

எதிர்வீட்டுத் தையல்கார அக்கா சத்தம் கேட்டு ஓடிவந்தார். அவன் கண்ணைக் கசக்கவிடாமல் கையைப் பிடித்து, தலையைச் சாய்த்து, இமையை இரண்டு விரலால் விரித்துக் குழாயடியில் பிடித்தார். வெள்ளையாக ஒட்டியிருந்ததெல்லாம் போகிறவரை விடவில்லை. இருபது நிமிடம் இருக்கும். நான் நடுங்கிக்கொண்டிருந்தேன், அவர் கை நடுங்கவேயில்லை. ஆட்டோ அண்ணன் சவாரியை இறக்கிவிட்டு வந்தார். கண் மருத்துவமனைக்குப் போகிற வழியெல்லாம் குடிதண்ணீர் பாட்டிலால் கண்ணுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே போனோம். சுண்ணாம்பு காரம், திசுவுக்குள் இறங்கிக்கொண்டே போகும். உடனே கழுவியதுதான் கண்ணைக் காப்பாற்றியது என்றார் டாக்டர். பத்து நாள் சொட்டு மருந்தோடு சரியாயிற்று. பார்வைக்குக் குறையில்லை. வெற்றிலைப் பெட்டி வைத்திருக்கிற எல்லா வீடுகளுக்கும் சொல்கிறேன், அந்தப் பாக்கெட்டை உயரத்தில் வையுங்கள்.

அந்தப் பையனின் அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது? அடுத்த சனிக்கிழமை மகனைக் கையில் பிடித்துக்கொண்டு நீங்களே மாடியேறி வந்தீர்கள். "இனிமே பாத்து செய்யுங்க. ஆனா நிறுத்திடாதீங்க, வாரம் பூரா இதையேதான் பேசறான்" என்றீர்கள். நிறுத்திவிட்டேன் என்று சொல்லத்தான் அன்று நான் காத்திருந்தேன்.

வெல்டிங் பட்டறை பாய், விஷயம் தெரிந்த அன்றே கிரைண்டிங் போடும்போது மாட்டுகிற வெள்ளைக் கண்ணாடி பதினைந்து அனுப்பினீர்கள். பெரிதாக இருந்தவற்றுக்குத் தையல்கார அக்கா எலாஸ்டிக் வைத்துத் தைத்தார். அதன்பின் கண்ணாடி போடாமல் ஒருவரும் மேசையருகே வந்ததில்லை. சுண்ணாம்பை முந்தின இரவே நான் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்து வைப்பேன். பாத்ரூம் ஆசிட், பிளீச்சிங் பவுடர் இரண்டுக்கும் மாடியில் இடமில்லை. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் பெரியவர்களுக்கே ஆபத்து.

அந்தத் தெளிந்த சுண்ணாம்பு நீரில், வினிகரும் ஆப்ப சோடாவும் கலந்தால் வருகிற வாயுவைக் குழாய் வழியே விட்டதும் பாலாக வெளுத்தது. விட்டுக்கொண்டே இருந்தால் மறுபடி தெளிந்தது. அதைக் காய்ச்சினால் திரும்ப வெள்ளை. ஒரு சிறுமி, "எங்க வீட்டு வெந்நீர் அண்டாவுல ஒட்டியிருக்கறது இதானா?" என்றாள். அதேதான்.

கறுத்த சொம்புகளைத் தந்த பாத்திரக்கடைக்காரருக்கும் நன்றி. புளி தேய்த்துப் பளபளக்க வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

நாட்டு மருந்துக் கடை ஐயா, கால் கிலோ படிகாரம் கேட்டவளுக்கு ஒரு கதையும் சேர்த்துக் கொடுத்தீர்கள். காவிரியில் புதுவெள்ளம் கலங்கி வரும்போது குடத்துக்குள் படிகாரக் கட்டியை இரண்டு சுற்றுச் சுற்றினால் மண் அடியில் இறங்கிவிடும் என்றீர்கள். இரண்டு பாட்டில் சேற்றுத் தண்ணீரில் செய்து பார்த்தோம், அரை மணியில் வித்தியாசம் தெரிந்தது. மிச்சப் படிகாரத்தை வெந்நீரில் கரைகிற மட்டும் கரைத்து ஆறவைத்தோம். அடியில் விழுந்த பொடிப் படிகங்களில் நல்லதாக ஒன்றை நூலில் கட்டி, வடிகட்டிய அதே கரைசலில் தொங்கவிட்டோம். பாட்டிலை ஆட்டாமல் இரண்டு வாரம். கண்ணில் சுண்ணாம்பு பட்ட அந்தப் பையன்தான் அதற்குக் காவல். தினம் காலையில் வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, அளவுகோலை வெளியே வைத்து அளந்து நோட்டில் எழுதினான். கடைசி நாள் எடுத்தபோது சுண்டுவிரல் நகம் அளவு, பளிங்கு போல, எட்டு முகம். முகங்களை எண்ணிவிட்டு என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி எண்ணினான்.

ஜாம் பாட்டில்கள் கழுவித் திண்ணையில் வைத்திருக்கிறேன், அவரவர் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பாட்டில் மட்டும் கிடைக்காது. பள்ளி திறந்துவிட்டதே, வீட்டுக்கு எடுத்துப்போ என்று அவனிடம் சொன்னேன். "வேணாம் அத்தை, திரும்பத் தொங்கவிட்டுடுங்க. சனிக்கிழமை வந்து அளக்கறேன்" என்றான்.

அன்புடன்,
மாடிவீட்டு அத்தை