குட்டி பெரிது, இடுப்பு சிறிது: விலங்குகள் நல வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு விலங்குகள் நல வாரியத்தாருக்கு வணக்கம்.

நாய் இனப்பெருக்கத்துக்கான 2017 விதிகளின்படி 18 மாதம் நிரம்பாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேலும் கூடாது. சிவாவா, பொமரேனியன் போன்ற சிறு இனங்களுக்கு வயதுக் கணக்கு மட்டும் காவலாகாது. ‘டீகப்’ (தேநீர்க் கோப்பையில் அடங்கும் அளவு) என்று சொல்லி விற்க, இரண்டு கிலோகூடத் தேறாத பெட்டைகளைச் சினையாக்குகிறார்கள்.

தாய் சிறுத்தால் குட்டியும் அதே விகிதத்தில் சிறுக்காது. 30 கிலோ லாப்ரடாருக்கு 450 கிராம் குட்டி என்பது உடல் எடையில் 1.5 சதவீதம். 2 கிலோ சிவாவாவுக்கு 120 கிராம் குட்டி 6 சதவீதம். உருண்டைத் தலை வேறு. இடுப்பெலும்பு வளையத்தில் அதுதான் சிக்குகிறது. வயிற்றில் ஒரே குட்டி என்றால் ஆபத்து கூடும். இடம் தாராளமாக இருப்பதால் அது பெரிதாக வளரும். பிரசவத்தைத் தொடங்கிவைக்கும் ஹார்மோன் தூண்டுதல் குட்டிகளிடமிருந்தே வருகிறது. ஒற்றைக் குட்டியால் அது போதாமல் நாள் தள்ளிப்போகும், குட்டி இன்னும் பருக்கும்.

ஆகவே சினையின் 55ஆம் நாளுக்குப் பிறகு ஓர் எக்ஸ்ரேயைக் கட்டாயமாக்குங்கள். குட்டிகளின் எண்ணிக்கையும், தலையின் அகலம் இடுப்பு வழிக்கு ஒத்துவருமா என்பதும் அதில் ஓரளவு தெரியும். சந்தேகம் இருந்தால் சிசேரியனுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். நள்ளிரவில் மருத்துவரைத் தேடி அலையும்போது குட்டியும் போகும், தாயும் போகும்.

58ஆம் நாளிலிருந்து காலையும் மாலையும் ஆசனவாயில் வெப்பம் பார்க்க வேண்டும். 99 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி வரும். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டால், அல்லது முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சைக் கசிவு கண்டால், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தப் பச்சை, நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரியத் தொடங்கியதன் அடையாளம். ஸ்கேனில் குட்டியின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 180க்குக் கீழே இருந்தால் அது திணறுகிறது.

எங்களை மிகவும் வருத்துவது, கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசியைப் பண்ணைகளில் கைக்கு வந்தபடி போடுவது. வழி அடைபட்டிருக்கும்போது அதைப் போட்டால் கருப்பை கிழியலாம். நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்து குட்டி மூச்சுமுட்டிச் சாகலாம். மருத்துவர் பரிசோதிக்காமல் இந்த ஊசி போடுவதைப் பண்ணையின் பதிவு ரத்துக்கான காரணமாக்குங்கள். சினைக் காலத்தில் கால்சியம் மாத்திரை கொடுக்கும் வழக்கமும் நிற்க வேண்டும். உடல் தன் எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கும் பழக்கத்தை இழந்து, பால் பெருகும் வாரங்களில் தாய்க்கு வலிப்பு வரக்கூடும்.

பதிவேட்டில் நான்கு விவரங்களைச் சேர்த்தால் போதும்: இணை சேர்த்த அன்று தாயின் எடை, ஒவ்வொரு குட்டியின் பிறப்பு எடை, இயல்பான பிரசவமா சிசேரியனா, இறந்தவை எத்தனை. இரண்டு முறை வயிற்றைக் கிழித்து எடுத்த பெட்டையை மறுபடி சினையாக்க அனுமதிக்காதீர்கள்.

இப்படிக்கு,
சிறு இன நாய்களின் பிரசவம் பார்ப்போர்