மஞ்சளில் நிற்கும் பக்கங்கள்

திருவட்டாறு,
ஜூலை 12

அன்புள்ள லீலா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இடவப்பாதி மழை இந்த வருடம் விட்டபாடில்லை. பரளியாறு கலங்கி ஓடுகிறது, பாதி நாள் ரப்பர் பால்வெட்டும் இல்லை. நான் கணக்கு எழுதும் குலசேகரம் கடைக்கு ரப்பர் ஷீட் வரத்து குறைந்துவிட்டதால் இன்று மதியமே வீடு திரும்பினேன். மரச்சீனி வேகிற நேரத்தில் இதைத் தொடங்குகிறேன்.

48 வயதில் புதிய மென்பொருளைப் படிக்கச் சொல்கிறார்கள், என்னால் ஆகுமா என்று கேட்டிருக்கிறாய். ஆகும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது கணக்குப் பேரேடு முழுவதும் கணினிக்குப் போனது. முதலாளியின் மகன் சொல்லித்தருவார், எனக்கு மண்டையில் ஏறாது. திருவட்டாறு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்த நாள்கள் உண்டு. மூன்று மாதம் போனதும் கை பழகிவிட்டது. உனக்கு என்னைவிடப் படிப்பு அதிகம், பயப்படாதே.

இரவெல்லாம் போனைப் பார்த்தே கழிகிறது, தூக்கி எறிந்துவிடலாமா என்று நீ கேட்டதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் அந்த இரவுகள் எனக்கும் தெரியும். மகள் கோவைக்குப் படிக்கப் போன வருடம் வீடு அப்படி வெறிச்சோடியது. சாப்பிட்டுப் படுத்தால் யாருடைய வீட்டுப் பால்காய்ப்பு, யாருடைய மகனுக்கு வெளிநாட்டு வேலை என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். பார்த்து முடித்ததும் மனதில் ஒன்றும் தங்காது. நம் வாழ்க்கை குறைந்துபோனது என்ற எண்ணம் மட்டும் தங்கும். லீலா, அது நம் வாழ்க்கையின் குறை இல்லை. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

ஓர் இரவு, ஒன்றாம் வகுப்பில் நாம் பாடிய கவிமணியின் பசுப்பாட்டை முழுதாகப் படிக்க ஆசை வந்தது. நம் தேரூரில் பிறந்தவர், 1954-இல் மறைந்தவர். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு ஆனால் நூல் பொதுச்சொத்து என்பது நம் நாட்டுச் சட்டம். தேடிப் போனது விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் கொண்டு சேர்த்தது. பழைய நூல்களை அங்கே பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். படத்திலிருந்து எழுத்தைப் பிரிப்பது மென்பொருள். பிழை திருத்துவது மட்டும் மனிதர்கள், அதுவும் கூலி வாங்காதவர்கள்.

பிழைகளைப் பார்த்தால் உனக்கே கை துறுதுறுக்கும். மென்பொருளுக்கு ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரிகின்றன. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகம் என்றால் இன்னும் சிரமம். கொம்பு வைத்த ‘லை’யும் ‘னை’யும், சுழித்து எழுதிய ‘றா’வும் ‘னா’வும் அதைக் குழப்பிவிடும். நமக்கு அப்படி இல்லை. வீட்டிலிருந்த பழைய புத்தகங்களில் அந்த எழுத்தைப் பார்த்தே வளர்ந்தோம். என் மகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

நான் எடுத்தது நாஞ்சில் நாட்டுக் குடும்பங்களைப் பற்றிய ஒரு பழைய நூல். முதல் பக்கத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது. திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் திருத்தினால் மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்த பிறகே பச்சை. மறுநாள் காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திறந்தேன். பக்கம் பச்சையாகியிருந்தது. நான் விட்ட ஓர் ஒற்றெழுத்தை யாரோ சேர்த்திருந்தார். யார், எந்த ஊர் என்று இன்றுவரை தெரியாது. என் பக்கத்தை ஒருவர் வரி வரியாகப் படித்திருக்கிறார் என்பது போதுமாக இருந்தது. பால் பொங்கி வழிந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

வேறொரு பக்கத்தில் ‘காரணவர்’ என்ற சொல்லைப் பிழை என்று நினைத்து யாரோ ‘காரணர்’ ஆக்கியிருந்தார்கள். சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்துப் போகும் மருமக்கள்வழிக் குடும்பத்தில் அந்தச் சொத்தை ஆண்ட மூத்த தாய்மாமனை நம் பாட்டிகள் வேறு எப்படிச் சொன்னார்கள்? ஸ்கேனைப் பார்த்துப் பழையபடி மாற்றிவிட்டு, காரணத்தையும் எழுதி வைத்தேன். அன்று எனக்கு உண்டான நிறைவை எந்தச் சம்பள உயர்வும் தந்ததில்லை.

மகள் இதையெல்லாம் வீடியோவாகப் பேசினால் பணம் வரும் என்கிறாள். அவள் அக்கறை புரிகிறது. ஆனால் பணம் என்று வந்துவிட்டால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மறுபடியும் எண்ணத் தொடங்கிவிடுவேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது ஒன்பது மணிக்குப் போன் சமையலறை அலமாரிக்குப் போய்விடும். மகளுடைய பழைய கணினியில் இரண்டு பக்கம், பிறகு தூக்கம்.

கடை வேலைக்கும் இது உதவியது. போன மாதம் ஒரு பில்லில், பொருளுக்கான வரிக் குறியீடு 4001 என்று இருக்க வேண்டிய இடத்தில் 4011 என்று இருந்தது. முன்னது இயற்கை ரப்பர், பின்னது டயர். வரி விகிதமே வேறு. ஒற்றை எழுத்தைத் தேடிப் பழகிய கண்ணுக்கு அது உடனே பட்டுவிட்டது. பில் அனுப்புவதற்கு முன்பே திருத்திவிட்டோம்.

அதனால் போனை எறிய வேண்டாம் லீலா. ஒன்று கேட்கிறேன். நான் திருத்திய ஒன்பது பக்கங்கள் இரண்டு மாதமாக மஞ்சளிலேயே நிற்கின்றன. திருத்தியவரே அதைப் பச்சையாக்க முடியாது, விதி அப்படி. அந்தச் சொற்களைப் பாட்டி வாயால் கேட்ட ஒருத்திதான் அவற்றைச் சரிபார்க்க வேண்டும். பக்க எண்களைத் தனியே அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கமாவது பார்.

அன்புடன்,
சாந்தி