போசாவிலிருந்து அப்பா

போசா, இத்தாலி, வியாழக்கிழமை இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். அதுதான் போனிலேயே சொல்லியாச்சே என்பாய். போனில் அம்மா பேசி முடித்து என் முறை வருவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால் இந்தக் கடிதம்.

அல்கேரோவிலிருந்து வருகிற சாலையைப் பற்றி நீ முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். 45 கிலோமீட்டருக்கு ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். நடுவில் ஒரு ஊர் இல்லை, ஒரு டீக்கடை இல்லை. கண்ணை மூடிக்கொண்ட அம்மா, பஸ் ஆற்றங்கரைக்கு வந்த பிறகுதான் திறந்தாள்.

ஆற்றின் பெயர் தேமோ. சார்தீனியத் தீவிலேயே படகு போகிற ஆறு இது ஒன்றுதானாம். பாலாற்றங்கரையில் பிறந்தவனுக்கு, ஆற்றில் தண்ணீர் இருப்பதே வேடிக்கை. இங்கே இரு கரையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஓடுகிறதா இல்லையா என்று பார்க்க ஒரு இலையைக் கிள்ளிப் போட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத்தான் கடல் பக்கம் நகர்ந்தது.

வலது கரையில் ஊர். மஞ்சள், ரோஸ், பச்சை என்று வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி, மலாஸ்பினா கோட்டை வரைக்கும் போகின்றன. கோட்டைக்கும் ஏறினோம். உள்ளே ஒரு சின்னத் தேவாலயம், சுவரில் 14-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். அம்மா பார்த்தாள். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் எழுத வந்தது இடது கரையைப் பற்றி. சிவப்புக் கல் பாலத்தைத் தாண்டினால், தண்ணீரை ஒட்டி ஒரே மாதிரியான பழைய கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. சாஸ் கோன்சாஸ் என்று பெயர். தங்கும் வீட்டுக்கார அம்மாள் போனில் மொழிபெயர்த்துக் காட்டினாள்: தோல் பதனிடும் இடம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆம்பூரில் முப்பத்தொரு வருஷம் தோல் ஷாப்பில் இருந்துவிட்டு, மகள் செலவில் இத்தாலி வந்தால் இங்கேயும் தோல் ஷாப்பு!

ஊரை அந்தப் பக்கம் வைத்துவிட்டு இதை மட்டும் ஏன் இந்தப் பக்கம் கட்டினார்கள் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தொழில் கொஞ்சம் கொஞ்சமாகப் படுத்துவிட்டது. 1989-ல் இதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்களாம். ஒன்றில் மியூசியம் இருக்கிறது, டிக்கெட் வாங்க வேண்டும். தோல் ஷாப்புக்குள் போக நான் காசு கொடுத்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

உள்ளே தரையோடு கட்டிய தொட்டிகள். பலகையில் இத்தாலியன். படிக்கவே வேண்டாம் பாப்பா. எது ஊறவைக்கிற தொட்டி, எது சுண்ணாம்புத் தொட்டி என்று விளிம்பைத் தடவினாலே தெரிகிறது. சுண்ணாம்பு கல்லையும் தின்னும். என் இடது கட்டைவிரல் நகம் ஏன் அப்படி இருக்கிறது என்று சின்ன வயதில் கேட்பாயே, கதவில் நசுங்கியது என்று சொல்லி வைத்தேன். பொய். இந்தத் தொட்டிதான்.

நாங்கள் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்ட மாதிரி, இவர்கள் மிர்டோ என்ற புதர்ச்செடியின் இலையைப் போட்டிருக்கிறார்கள். எந்த ஊர்த் தோலுக்கும் துவர்ப்புதான் வேண்டியிருக்கிறது. சவ்வு எப்படி வழிப்பது என்று டிக்கெட் கொடுத்த பெண்ணுக்கு வெறுங்கையால் செய்து காட்டினேன். அவள் உள்ளே போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மறுபடி செய்தேன். அம்மா மானம் போகிறது என்று வெளியே போய்விட்டாள்.

இங்கே தண்ணீர் தெளிந்திருப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், மறைக்கவில்லை. 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது உனக்கு நினைவிருக்காது. ஐந்து மாவட்டத்துத் தோல் ஆலைகளுக்கும் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம், கழிவுநீரைச் சுத்திகரிக்காவிட்டால் பூட்டு. ஷாப்பில் எல்லோரும் கோர்ட்டைத் திட்டினார்கள், நானும் சேர்ந்து திட்டினேன். வீட்டுக்கு வந்தால் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரைத்தான் உனக்குக் குளிக்க ஊற்றினோம். தீர்ப்பு சரிதான் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் வேலை?

அப்புறம், உன் ஸ்கூல் ஃபாரத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் ‘கம்பெனி வேலை’ என்று எழுதச் சொன்னவன் நான். அம்மா ‘தோல் வேலை’ என்று எழுதியிருந்தாள், அடித்துவிட்டு எழுதினேன். பிறகு வருஷா வருஷம் நீயே அப்படி நிரப்பினாய். உன் கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் அதைச் சொல்லி அழுதாய், மறைத்துவிட்டேன் அப்பா என்று. ஆரம்பித்து வைத்தது யார் என்று நான் அன்றைக்கும் சொல்லவில்லை.

மியூசியம் மூடும் நேரத்தில் அந்தப் பெண் போனில் ஏதோ தட்டி என்னிடம் நீட்டினாள். ‘நாற்றம் எப்படி இருக்கும்?’ என்று தமிழில் வந்தது. ஆற்றையும் தொட்டிகளையும் பார்த்தேன், துடைத்து வைத்த மாதிரி இருந்தன. சட்டையை முகர்ந்து மூக்கைச் சுளித்துக் காட்டினேன். சிரித்தாள். சரியாக விளங்கியிருக்காது. உன்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய்.

அம்மா இப்போது வீட்டுக்கார அம்மாளோடு வாசற்படியில் உட்கார்ந்து ஃபிலே என்கிற வலைப்பின்னல் கற்றுக்கொள்கிறாள். மீன்வலை முடிச்சு மாதிரியேதான் இருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை பொது இல்லை, ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏர்போர்ட்டுக்கு வர லீவு போடாதே. உன் வீட்டு பஸ் நம்பர் எழுதி வைத்திருக்கிறேன்.

அப்பா