குறை சொல்கிறவனை வெறுப்பவன் என்று எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பில் அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. ஃபியூச்சராமா என்கிற அமெரிக்க கார்ட்டூன் தொடரைத் தூசி தட்டி எடுத்து வந்திருக்கிறார்களாம், ரசிகர்கள் அதை வெறுத்துக் கழுவிக் கழுவி ஊற்றுகிறார்களாம். எழுதியவர் ஒரு எபிசோடாவது பார்த்தாரா என்று எனக்குச் சந்தேகம், ஏனென்றால் அதைக் "குழந்தைகள் தொடர்" என்று வேறு போட்டிருக்கிறார். வாயில் சுருட்டு, வயிற்றில் சாராயம், கை நிறையத் திருட்டுச் சாமான் என்று திரிகிற ஒரு ரோபோவை வைத்து யார் சார் குழந்தைகளுக்குக் கதை சொல்வார்கள்? என் மகளுக்கு ஏழு வயது, அவள் தூங்கிய பிறகுதான் நான் அதைப் போடுவேன்.

நான் பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். 2010-ல் சேலத்தில் எம்.எஸ்ஸி. படித்தபோது விடுதியில் ஒரே கட்டிலில் ஐந்து பேர் நெருக்கி உட்கார்ந்து, மின்விசிறியை விட அதிகமாகச் சத்தம் போடும் ஒரு லேப்டாப்பில் இந்தத் தொடரைப் பார்த்தவன். அதனால் கோபம் வந்துவிட்டது. வந்த கோபத்தை எழுதியே தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு திருத்தம். 2023-ல்தான் இதற்கு முதன்முறையாக மறு உயிர் கொடுத்தார்கள் என்று கட்டுரையில் இருப்பது தப்பு. மேட் குரோனிங் உருவாக்கி, டேவிட் எக்ஸ். கோஹன் கூட இருந்து வளர்த்த இந்தத் தொடர் 1999 மார்ச்சில் ஃபாக்ஸ் சேனலில் தொடங்கியது. 1999-ன் கடைசி ராத்திரி பீட்சா கொண்டு போன ஃப்ரை என்கிற பையன் தவறி உறைபெட்டிக்குள் விழுந்து, ஆயிரம் வருடம் கழித்து எழுகிறான், அதுதான் கதை. சேனல்காரர்கள் அதை ஞாயிறு மாலை ஏழு மணிக்குத் தள்ளினார்கள். அந்த நேரத்தில் ஃபுட்பால் மேட்ச் இழுத்துக்கொண்டே போகும், மேட்ச் இழுத்தால் அந்த வாரம் தொடர் கிடையாது. ஒலியும் ஒளியும் போடுகிற நேரத்தில் கிரிக்கெட் நீண்டு நம் வீட்டில் எத்தனை முறை வயிறு எரிந்திருக்கிறது, அதே கதைதான். 2003-ல் 72 எபிசோடுகளோடு மூடிவிட்டார்கள்.

மூடியதைத் திறந்தது யார்? மறு ஒளிபரப்பை ராத்திரி கண் விழித்துப் பார்த்தவர்களும், காசு கொடுத்து டிவிடி வாங்கியவர்களும்தான். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் 2007-லிருந்து 2009-க்குள் நான்கு படங்கள் வந்தன, 2010-ல் காமெடி சென்ட்ரல் என்கிற சேனல் எடுத்து 2013 வரை ஓட்டியது, மறுபடி நிறுத்தம், பத்து வருடம் கழித்து 2023 ஜூலையில் ஹுலு என்கிற இணைய ஒளிபரப்புத் தளத்தில் மீண்டும். ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்று நினைத்து முடிவுக் காட்சி எழுதி எழுதி, நான்கு முடிவுகள் கையிருப்பில் வைத்திருக்கிற தொடர் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தெரியவில்லை. அதியமான் நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்த ஊர்க்காரன் நான், ஆயுள் நீளுவதில் எனக்கு ஆட்சேபம் இருக்குமா?

சரி, குறை சொல்கிறார்கள் என்பது உண்மை. என் விடுதி நண்பன் ஒருவன் ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கிறான், சனிக்கிழமை தர்மபுரி வந்தால் நாலு ரோட்டில் டீக்கடையில் நிற்போம். 2023-ல் முதல் மூன்று எபிசோடு பார்த்துவிட்டு வந்தவன் கிளாஸைக் கீழே வைக்காமலே ஆரம்பித்தான். "மொக்கைடா. பிட்காயின் ஜோக்காம். பிட்காயின் விழுந்து எவ்வளவு நாள் ஆச்சு?" அப்புறம் தடுப்பூசி பற்றி ஒரு எபிசோடு வந்தது, ஊரே ஊசி போட்டு மறந்த பிறகு. ஆன்லைன் கடையைக் கிண்டல் செய்து ஒன்று. ஆயிரம் வருடம் தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கிறவர்கள் போன வருடத்து நியூஸ் பேப்பரை ஏன் படித்துக் காட்ட வேண்டும் என்பது அவன் கேள்வி. நியாயமான கேள்விதான், எனக்கும் அதுதான் வருத்தம். ஆனால் 2010-ல் ஐபோனைக் கிண்டல் செய்து கண்ணுக்குள் போன் வைத்தபோதும் இதே ஆள் இதே மாதிரிதான் பேசினான் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவனுக்கு இல்லை.

எங்கள் பக்கம் பாரதக் கூத்து நடக்கும். என் தாத்தா போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு முன்வரிசையில் மண்ணில் உட்கார்ந்திருப்பார். துச்சாதனன் வாய் திறந்த உடனே ஆரம்பிப்பார்: தொண்டையா அது, போன தடவை வந்தவன் கத்தினால் ஏரிக்கரைக்குக் கேட்கும், இவன் கிரீடத்தைப் பார், அடவு எங்கே, ஆள் எங்கே. பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கூத்து பாதி கேட்காது, தாத்தாதான் கேட்பார். ஆனால் கோழி கூவுகிற நேரத்துக்குத் திரும்பிப் பார்த்தால் பாராட்டிப் பேசியவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார்கள், அவர் மட்டும் அதே இடத்தில். அடுத்த நாள் ராத்திரியும் முதல் ஆளாகப் போவார். இவரை உங்கள் கட்டுரையாளர் பார்த்திருந்தால் "கூத்தை வெறுத்த முதியவர்" என்று எழுதியிருப்பார் போல.

அந்தக் கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவன் வருவான், உங்களுக்குத் தெரியாதது இல்லை. அஸ்தினாபுரத்து அரண்மனையில் நின்றுகொண்டு நம்மூர் ரேஷன் கடையில் சர்க்கரை போடாததைப் பேசுவான், பஞ்சாயத்துத் தண்ணீர் வராததைப் பேசுவான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். மறுநாள் அந்த ஜோக் யாருக்கும் ஞாபகம் இருக்காது, இருக்கவும் வேண்டாம். ஆனால் ராத்திரி முழுக்கக் கட்டியங்காரனே நின்று பேசிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? பாஞ்சாலி எப்போதய்யா வருவாள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். ஹுலுவில் வந்த முதல் வருடத்தைப் பார்த்துவிட்டு ரசிகர்கள் கொடுத்த குரல் அதுதான்.

குரல் என்றதும் இன்னொன்று. 2022 பிப்ரவரியில் தொடர் திரும்ப வருகிறது என்று அறிவித்தபோது, நான் முதலில் சொன்ன சுருட்டு ரோபோ பெண்டருக்குக் குரல் கொடுக்கும் ஜான் டிமாஜியோ மட்டும் ஒப்பந்தத்தில் இல்லை. வேறு ஆளைப் போட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சும் வந்தது. ரசிகர்கள் அந்தச் சில வாரங்கள் விட்டார்களா? பெண்டர் வாயில் வேறு தொண்டை என்றால் நாங்கள் பார்க்கவே மாட்டோம் என்று நின்றார்கள். மார்ச் முதல் தேதி அவர் திரும்பி வந்தார். கூடுதல் பணம் கிடைக்கவில்லை, மரியாதை கிடைத்தது என்று பிறகு அவரே சொன்னார். சுட்டி டிவியில் ஜாக்கி சான் கார்ட்டூனைத் தமிழில் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் கேளுங்கள், குரல் மாறினால் ஆளே மாறின மாதிரி என்று அவர்கள் சொல்வார்கள்.

இவ்வளவு எதிர்பார்ப்பு எதற்கு என்றால், பழக்கிவிட்டார்கள் சார், எழுதியவர்களே பழக்கிவிட்டார்கள். பின்னணியில் சுவரில் கிறுக்கின மாதிரி ஒரு வேற்றுக்கிரக எழுத்து வரும், ரசிகர்கள் உடனே அதை உடைத்துப் படித்துவிட்டார்கள் என்பதால் இன்னும் கஷ்டமாக இரண்டாவது எழுத்து ஒன்றைச் செய்தார்கள். பெண்டருக்கு அவனைச் செய்த இயந்திரம் அனுப்பும் வாழ்த்து அட்டையில் அவன் மகன் எண் 1729. ஈரோட்டில் பிறந்த நம் ராமானுஜன் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இங்கிலாந்துக் கணித மேதை ஹார்டியிடம் சொன்ன அதே எண், இரண்டு விதமாக இரு கன எண்களின் கூட்டலாக வரும் மிகச் சிறிய எண். அது வேண்டுமென்றே வைத்ததுதான் என்பது எனக்குத் தெரிந்த ராத்திரி விடுதியில் நான் போட்ட சத்தத்துக்கு வார்டன் வந்து கதவைத் தட்டினார்.

2010-ல் "தி பிரிசனர் ஆஃப் பெண்டா" என்று ஒரு எபிசோடு. எல்லோரும் ஒருவர் உடம்பில் ஒருவர் மாறிப் புகுந்துவிடுகிறார்கள், ஆனால் ஒருமுறை மாறிய இரண்டு உடம்பு மறுபடி தங்களுக்குள் மாற முடியாது. அதை எழுதிய கென் கீலர் ஹார்வர்டில் பயன்பாட்டுக் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். இந்தச் சிக்கலுக்காகவே ஒரு தேற்றத்தை நிறுவி அதைப் பலகையில் காட்டினார்: எவ்வளவு குழம்பினாலும், இதுவரை மாறாத இரண்டு பேரை மட்டும் புதிதாகச் சேர்த்தால் எல்லோரையும் பழைய இடத்துக்குக் கொண்டு வந்துவிடலாம்.

இதை நான் ஒன்பதாம் வகுப்பில் சாப்பாட்டு மணிக்கு முந்தின பீரியடில் டிபன் பாக்ஸ் வைத்துச் செய்து காட்டுவேன். தக்காளி சாதக்காரனும் ராகிக் களிக்காரனும் பாக்ஸை மாற்றிக்கொண்டார்கள். இனி இவர்கள் இருவரும் தங்களுக்குள் மாற்றக் கூடாது. தயிர் சாதக்காரியும் புளிசாதக்காரியும் எழுந்து வருவார்கள். தக்காளிப் பையன் தயிரோடு மாற்றுவான், களிப் பையன் புளியோடு. இப்போது யாரிடமும் அவரவர் சோறு இல்லை, வகுப்பே கலவரமாகிவிடும், "சார் என் சாப்பாடு" என்று ஒரே கூச்சல். அடுத்து களிப் பையன் தயிர்ப் பெண்ணிடம் போவான், அவள் கையில்தான் அவன் களி இருக்கிறது. தக்காளிப் பையன் புளிப் பெண்ணிடம் போவான், அவன் சாதம் அங்கே. மிச்சம் அந்த இரண்டு பெண்கள், தயிர் புளியிடம், புளி தயிரிடம், இதுவரை அவர்கள் தங்களுக்குள் மாற்றவே இல்லை. மாற்றினால் முடிந்தது. ஐந்தே மாற்றல், ஒரு ஜோடிகூட இரண்டாம் முறை வரவில்லை. போன வருடம் ஒரு பெண் அப்படியே நின்று, "சார், மூணு பேர் மாறியிருந்தாலும் ரெண்டே பேர் போதுமா?" என்றாள். போதும், நிரூபி பார்ப்போம் என்று அனுப்பினேன்.

இப்படிப்பட்ட தொடரிடமிருந்து ஆன்லைன் கடை ஜோக் வந்தால் கோபம் வராதா? நம்மால் முடியும் என்று நம்பி ஒரு காலத்தில் தேற்றம் வைத்தவன், இன்று நமக்குப் புரிகிற மாதிரி நியூஸ் வைக்கிறானே என்கிற வருத்தம் அது. அதை எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனால் முழுதாக எழுதுங்கள். 2023-ன் முதல் எபிசோடிலேயே அவர்கள் தங்களைத்தான் முதலில் ஓட்டிக்கொண்டார்கள்: உலகத்தில் வந்த எல்லாத் தொடரையும் பார்த்தே தீர்வேன் என்று ஃப்ரை உட்கார்ந்துவிடுகிறான், பார்ப்பதற்குத் தீர்ந்தால் அவன் உயிருக்கே ஆபத்து, அதனால் நின்றுபோன ஒரு சீரியலை ஃபுலு என்கிற கம்பெனியிடம் போய் மறுபடி எடுக்க வைக்கிறார்கள். ஹுலுவில் ஓடுகிற தொடரில் ஃபுலு. அதே வருடக் கடைசி எபிசோடில் தொடரில் வரும் பேராசிரியர் ஒரு உலகத்தையே கணினிக்குள் கட்டுகிறார். மின்சாரம் போதவில்லை, நிறுத்தினால் உள்ளே இருப்பவர்கள் போய்விடுவார்கள். மெதுவாக ஓட்டினால் வெளியே இருக்கிற நமக்குத்தான் நேரம் ஆகும், உள்ளே இருப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது என்று முடித்தார்கள். அன்று ராத்திரி எனக்கு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை. மகளை எழுப்பிச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

நாயைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நண்பன் என்னை விடமாட்டான். 2002-ல் வந்த எபிசோடு, ஃப்ரை போன பிறகு அவன் நாய் சீமோர் பீட்சா கடை வாசலில் பன்னிரண்டு வருடம் காத்திருக்கும். அதை இரண்டாவது முறை பார்த்தவர்கள் எங்கள் விடுதி அறையில் கிடையாது. 2007-ல் வந்த படத்தில் ஃப்ரையின் இன்னொரு பிரதி பழைய காலத்துக்குப் போய் அந்த நாயோடு வாழ்ந்ததாகக் காட்டினார்கள். இதற்கும் சண்டை! அழ வைத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், ஏமாற்று வேலை என்று பாதிப் பேர், போகட்டும், நாய் தனியாக இல்லையே என்று பாதிப் பேர். நான் முதல் கட்சி. என் நண்பன், பிட்காயின் ஜோக்குக்கு அவ்வளவு கத்திய அதே ஆள், நாய் கட்சி.

2024-லும் 2025-லும் புது எபிசோடுகள் வந்தன. அவன் ஒவ்வொன்றுக்கும் எனக்குப் போன் செய்து திட்டினான். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது பார்த்துவிடுகிறான் போல, நான் பார்ப்பதற்கு முன்னாலேயே கதையைச் சொல்லிக் கெடுத்தும் விடுகிறான்.

ஆக, இரண்டு வேண்டுகோள். அது மூன்றாம் முறை உயிர் பெற்ற தொடர், குழந்தைகள் தொடர் இல்லை என்று ஒரு சின்னத் திருத்தமாவது போடுங்கள். அடுத்த முறை இதைப் பற்றி எழுதச் சொன்னால் பார்த்தவரிடம் சொல்லுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் சனிக்கிழமை மாலை நாலு ரோட்டு டீக்கடையில் ஒருத்தன் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பான், அவனைக் கேட்டால் போதும்.

காலாண்டு விடைத்தாள் ஒரு கட்டு அப்படியே கிடக்கிறது, இத்துடன் நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு வாத்தியார்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்